தொண்ணூற்றாறு மைக்ரோநொடி

ஸ்டெர்ஜியோஸ் கராமிச்சோஸ் கடைசியாக எழுதி வைத்த நிரல் திருத்தத்தில் கையொப்ப வரி இல்லை.

அவர் இறந்த இருபத்திரண்டாம் நாள் மகள் அசிமினா அதைக் கண்டாள். மாடி அறையில், அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்தது. மொத்தம் நாற்பத்தொரு வரி, அதில் பாதி விளக்கம். கோப்பின் தேதி பிப்ரவரி ஒன்பது. ரொட்டிக் கடை வரிசையில் நின்றபடியே அவர் சரிந்து விழுந்தது மார்ச் நான்கு. இடையில் இருபத்து மூன்று நாள் இருந்திருக்கிறது. தன் பெயரை எழுத அவருக்கு அரை நிமிடம் போதும். எழுதவில்லை.

அன்று மார்ச் இருபத்தைந்து, கிரேக்க நாட்டின் சுதந்திர நாள். தெருவில் பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு. கீழே சமையலறையில் உப்புமீன் பொரிந்துகொண்டிருந்தது. பூண்டு வாசனை மாடிவரை ஏறி வந்தது. வாசனை வந்ததே தவிர அம்மா போலிக்சேனி வரவில்லை. அவள் மார்ச் நான்கிலிருந்து அந்தப் படியை மிதிக்கவில்லை.

ஸ்டெர்ஜியோஸ் தொலைபேசித் துறையில் முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்தவர். வோலோஸ் நகரில் அவர் ஏறாத கம்பம் இல்லை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழுது பார்த்து முடித்ததும், அந்த வீட்டுத் தொலைபேசியிலிருந்து தன் வீட்டுக்கு ஒருமுறை பேசுவார். பேசிய பிறகுதான் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை போலிக்சேனி ஓடி வந்து எடுப்பாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. லைன் கேக்குதான்னு பார்த்தேன்."

"கேக்குது. பயறு அடிப்பிடிக்குது, வைங்க."

ஓய்வு பெற்ற பிறகு பகலில் அந்த மணி அடிப்பது நின்றுபோனது.

ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் அவர் மறுபடி ஏற ஆரம்பித்தார், இந்த முறை கூரைகளில். நகரத்தில் கொஞ்சப் பேர் சேர்ந்து மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வைஃபை வைத்துத் தங்களுக்குள் ஒரு வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். கம்பங்களை நட்டுக் கொடுத்தவர் ரீசோஸ். அக்ரியாவில் கடலோரமாக அலுமினிய ஜன்னல் செய்பவர், ஸ்டெர்ஜியோஸின் பட்டாளத்துக் காலத்துச் சிநேகிதர். "முப்பது வருஷம் கம்பி இழுத்தவன், இப்போ கம்பியே இல்லாமப் பேசணும்னு கூரை ஏறுறான். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று, சிபுரோ என்ற திராட்சைச் சாராயம் விற்கும் கடையில் எல்லோரிடமும் சொல்வார். புதுக் குப்பிக்குப் புதுத் தின்பண்டத் தட்டு வரும். தட்டு வரும்போதெல்லாம் இதையே மறுபடி சொல்வார்.

ஐம்பத்தாறாம் வயதில் ஸ்டெர்ஜியோஸ் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் அகராதி இருக்கும். கணினிக்கும் ரேடியோ அட்டைக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேச வைக்கிற சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். தங்கள் கூரைகளில் இருந்த அட்டைக்கான டிரைவரில்தான் அவர் உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், குற்றம் கண்டால் திருத்தம் அனுப்பலாம் என்ற வகை நிரல் அது. பதினோரு வருடத்தில் நான்கு திருத்தம் அனுப்பினார். நான்கும் ஏற்கப்பட்டன. ஐந்தாவது இது.

ஐந்தாவது நேரத்தைப் பற்றியது. காற்றில் தகவல் சுமந்து வருகிற ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அட்டை ஒரு நேர முத்திரை குத்துகிறது, நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோநொடி வரை. எந்தக் கணத்தின் நேரம் அது? ஸ்டெர்ஜியோஸ் இதை மனைவிக்கு விளக்கியது அசிமினாவுக்கு நினைவிருந்தது.

"லாரிஸா ரயில் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு ஸ்டேஷன் மாஸ்டர் எழுதணும். எஞ்சின் நடைமேடையைத் தொட்ட நேரமா, கடைசிப் பெட்டி வந்து நின்ன நேரமா?"

"நான் இறங்கின நேரம்" என்றாள் போலிக்சேனி.

டிரைவர், எஞ்சின் தொட்ட நேரம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அட்டையோ கடைசிப் பெட்டியின் நேரத்தைத்தான் குத்துகிறது. நீளமான பாக்கெட்டுகள் எல்லாம் தாமதமாக வந்தவைபோல் பதிவாகின. இரண்டு கூரைகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் சில இடத்தில் கேள்விக்கு முன்னால் பதில் வந்திருக்கும். இதைக் கண்டுபிடித்து, ரயிலின் நீளத்தைக் கழித்துவிடும்படி அவர் எழுதியதுதான் அந்த நாற்பத்தொரு வரி.

மீன் தட்டுக்கு ரீசோஸ் வந்திருந்தார். அசிமினா கீழே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"அவன் எழுதினதுதானே? அவன் பேரைப் போட்டு அனுப்பு, புள்ள. இதுல என்ன யோசனை?"

"கையொப்பம் அவர்தான் போடணும், மாமா."

"கையொப்பம்னா? நோட்டரி முன்னாடி போய் நிக்கணுமா? தட்டச்சுதானே. விரல் தேஞ்சிடுமா?"

"'இது சரி, இதுக்கு நான் பொறுப்பு'ன்னு அர்த்தம். அடுத்தவங்களுக்காகப் போடக் கூடாது. அதான் அங்க முறை."

"அவன் எழுதினதுக்கு அவன் பொறுப்பில்லாம யாரு பொறுப்பு, பொண்டாட்டியா?"

"என்னை எதுக்கு இழுக்கற? வாயில மீனைப் போடு" என்றாள் போலிக்சேனி. பிறகு மகளிடம், "அவர் பொட்டியில இருந்தே அனுப்பினா யாருக்குடி தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்மா."

"எனக்கும்தான் தெரியும். நான் சொல்ல மாட்டேன். இவன் வாயைத்தான் அடைக்கணும்."

சிரித்தார்கள். போலிக்சேனி சட்டென்று நிறுத்திவிட்டு ரொட்டி வெட்டப் போனாள்.

அசிமினா மாடிக்குத் திரும்பினாள். அம்மா சொன்னதில் தப்பில்லை. அவருடைய கணக்கு திறந்தே இருந்தது. கையொப்ப வரியைத் தட்டினாள்: அவர் பெயர், அவர் முகவரி. ஏற்கப்பட்டால் அந்தப் பெயர் நிரலின் வரலாற்றில் நிரந்தரமாக இருக்கும், யாரும் அழிக்க முடியாது. மின்கம்பத்தில் ஒட்டிய அவர் மரண அறிவிப்பு போன வார மழையிலேயே பாதி கிழிந்திருந்தது. அவளுக்கு அந்தப் பெயர் உள்ளே போக வேண்டும். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அனுப்பும் முன் அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினாள். தன் திருத்தத்தைச் சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு பாக்கெட்டை அனுப்பி, அதற்கு எதிர்க் கூரை தரும் பதில் வர எத்தனை மைக்ரோநொடி ஆகிறது என்று பார்ப்பது. ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் முந்நூறு மீட்டர் போகும். முத்திரை சரியாக இருந்தால் அதிலிருந்து தூரம் வந்துவிடும். ஆயிரக்கணக்கில் அளந்து சராசரி எடுத்து வரைபடத்தோடு ஒப்பிட்டிருந்தார். ஐந்து கூரைகள் கச்சிதமாகப் பொருந்தின. ஆறாவது மட்டும் இப்படி இருந்தது: "ரீசோஸ். வரைபடம் 7.8 கி.மீ. அளவு 22.2 கி.மீ. ஏன்?" ஏன் என்பதன் கீழ் இரண்டு கோடு.

தட்டியிருந்த வரியை அழித்தாள். அவர் போட மறந்த கையெழுத்து இல்லை அது; ஏன் என்று தெரியும்வரை போடாமல் வைத்திருந்தது.

இந்த இருபத்திரண்டு கிலோமீட்டர் கணக்கில் ரீசோஸ் வீடு கடலுக்குள் போன கதையை அவள் முன்பே கேட்டிருந்தாள். ஜனவரியில், ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் அவள் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு அப்பா அழைத்திருந்தார்.

"பத்து நிமிஷம் இருக்குமா, கண்ணு?"

"வேலையில இருக்கேன்ப்பா. சொல்லுங்க."

"ரீசோஸ் நடுக்கடல்ல இருக்கான்."

"குடிக்கறதைக் கொறைக்கச் சொல்லுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். "அதெல்லாம் வைஃபை தரநிலை ஆவணத்துல இருக்கும்ப்பா, அனுப்பி வைக்கறேன்" என்றாள். அனுப்பினாள். இரண்டாயிரத்து எழுநூறு பக்கம், ஆங்கிலத்தில்.

அவர் அதை முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். குறிப்பேட்டில் பக்க எண்களும் சொற்களும் வரிசையாக இருந்தன, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே கிரேக்கத்தில் பொருள். சில சொற்களை இரண்டு முறை, மூன்று முறை தேடியிருந்தார். மார்ச் மூன்றாம் தேதி ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றிருந்தார். அசிமினா குறிப்பேட்டை மூடினாள்.

டிரைவரைப் பராமரிப்பவர் போலந்தில் இருந்த வியெஸ்லாவா என்ற பெண்மணி. நடந்ததை அவருக்கு எழுதினாள். மறுநாள் பதில் வந்தது.

"உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. அவருடைய நான்கு திருத்தங்களிலும் நான் தொட வேண்டியது எதுவும் இருக்கவில்லை. ஆங்கிலத்தைத் தொட்டிருக்கலாம், ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. இறந்தவர் கையொப்பம் இட முடியாது. எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கலாம். அதன் கீழே உயிரோடிருக்கும் ஒருவர், அது சரி என்று தெரிந்தவர், கையொப்பம் இட வேண்டும். சரி என்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஏன் இருபத்திரண்டு என்று தெரியும்வரை அவர் பெயர் உள்ளே போகாது. அப்பாவின் நாற்பதாம் நாள் வழிபாடு முடிந்ததும் அவள் கிராட்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு நாள் அளந்தாள். ஐந்து கூரை சரியாக வந்தது, ஆறாவது வரவில்லை. பதினான்கு புள்ளி நான்கு கிலோமீட்டர் அதிகம், ஒவ்வொரு முறையும் அதே பதினான்கு புள்ளி நான்கு. போகவர இருபத்தெட்டு புள்ளி எட்டு. அதை முந்நூறு மீட்டரால் வகுத்தாள். தொண்ணூற்றாறு மைக்ரோநொடி.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே தெரியும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால், பேசப் போகிறேன் கேள் என்று ஒரு தொடக்கக் குறி போகும். பழைய வகை வைஃபையில் அது இரண்டு அளவில் உண்டு. நீளமானது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மைக்ரோநொடி, குட்டையானது அதில் சரிபாதி. ஆவணத்தில் தேடினாள். அப்பா நின்ற பக்கத்திலிருந்து நூற்றிருபது பக்கம் தள்ளி அட்டவணை இருந்தது. பத்து நிமிடம் என்று கேட்டிருந்தார். இதைச் சொல்ல அவ்வளவுகூட ஆகியிருக்காது.

ஆனால் ஒன்று பொருந்தவில்லை. கூரைகள் எல்லாவற்றையும் குட்டைக் குறிக்கு மாற்றியதாகக் குறிப்பேட்டில் ஒரு பட்டியல் இருந்தது, ஏழு வருடத்துக்கு முந்தையது. ஆறு பெயருக்கும் நேராக டிக். ரீசோஸுக்கும் டிக்.

காலைப் பேருந்தைப் பிடித்து அக்ரியா போனாள். ரீசோஸ் பட்டறையில் ஒரு ஜன்னல் சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கூரைப் பொட்டியைப் பார்க்கணும், மாமா."

"உங்கப்பன் வச்சது வச்சபடி இருக்கு. ஈ கூட உக்காந்ததில்ல."

"கடவுச்சொல்?"

"ரீசோஸ்."

"அது உங்க பேரு."

"மறக்காதுல்ல."

பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். தொடக்கக் குறி: நீளம்.

"இதைக் குட்டையா மாத்தச் சொல்லி அப்பா ஒரு தடவை சொன்னாரா?"

ரீசோஸ் அறுப்பை நிறுத்தினார். கைத்துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"சொன்னான். ஒரு ஞாயித்துக்கிழமை. மத்த கூரைக்கெல்லாம் அவனே போய் மாத்தினான். என் வீட்டுக்கு வர நேரமில்ல, முட்டி வலி வேற. போன்ல சொன்னான், இங்க அமுக்கு, அங்க அமுக்குன்னு. நான் மாத்திட்டேன்னு சொன்னேன்."

"மாத்தலியா?"

"எங்க அமுக்கறதுன்னே தெரியல, புள்ள. திரும்பக் கேட்டிருந்தா சிபுரோக் கடையில ஒரு மாசம் என்னை வறுத்திருப்பான். மாத்திட்டேன்னேன். 'நல்லாருக்கு'ன்னு வச்சிட்டான்." துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். "அதனாலதானா? நான் கடல்ல இருந்தது?"

"ஆமா, மாமா."

"அவன் எங்கிட்ட நாலு தடவை கேட்டான். உன் பொட்டியில என்னடா கோளாறுன்னு. கோளாறெல்லாம் உன் கணக்குலன்னு நான் நக்கல் பண்ணினேன்."

முப்பத்தொரு வருடத்தில் தான் பேசிப் பார்க்காத லைனுக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. சிநேகிதன் சொன்னான் என்று ஒரே ஒரு டிக் போட்டிருக்கிறார். அந்த டிக்கை அவர் சந்தேகிக்கவே இல்லை. அட்டையைச் சந்தேகித்தார், தன் நிரலைச் சந்தேகித்தார், தன் ஆங்கிலத்தைச் சந்தேகித்தார்.

"இப்பவே மாத்திடு. இரு, ஏணி எடுக்கறேன்" என்றார் ரீசோஸ்.

"ஏணி வேண்டாம். மாத்தவும் வேண்டாம். உலகத்துல இன்னும் எத்தனையோ பொட்டி இப்படி நீளக் குறியோட பேசிக்கிட்டிருக்கும். டிரைவர்தான் அதைப் பார்த்துப் புரிஞ்சுக்கணும். அப்பா எல்லா ரயிலுக்கும் ஒரு எஞ்சின்னு நினைச்சுட்டார். உங்க ரயில் ரெண்டு எஞ்சினோட வருது. நீங்க இப்படியே இருங்க, மாமா. சோதிச்சுப் பார்க்க இந்த ஒரு கூரைதான் இருக்கு."

"அப்போ நான் பண்ணின தப்பு உதவுதா?"

"உதவுது."

"அதை அவங்கிட்ட சொல்ல முடியலியே" என்றார் ரீசோஸ். அறுவை இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் எதையும் அறுக்காமல் நின்றார்.

வந்த பாக்கெட்டின் தொடக்கக் குறி நீளமா குட்டையா என்பதை அட்டை ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது, டிரைவர் அதைக் கேட்கவில்லை. கேட்கும்படி அசிமினா மூன்று வரி சேர்த்தாள். ரீசோஸின் மேசையிலிருந்தே வீட்டுக் கணினிக்கு அனுப்பி ஓடவிட்டாள். அளவு அந்தத் திரையில்தான் வரும், மாடி அறையில். அம்மாவை அழைத்தாள்.

"மேல போய் ஸ்கிரீனைப் பார்த்து ஒரு எண் சொல்லணும்மா."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அம்மா?"

"நீ வந்து பார்த்துக்கயேன்."

"நான் அக்ரியால இருக்கேன்மா. பொட்டி இங்க இருக்கு, ஸ்கிரீன் அங்க இருக்கு."

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. பதினாறு படி. நடுவில் ஓரிடத்தில் நின்று, பிறகு தொடர்ந்தது. கதவு.

"அவர் ஸ்வெட்டர் நாற்காலியில தொங்குது. நீ எடுத்து வைக்கலியா?"

"இல்லம்மா."

"நல்லது. எந்த எண்ணு? ஒரே எறும்பா ஓடுது."

"கடைசி வரி."

"கண்ணாடி கீழ இருக்கு. இரு, அவரோடதைப் போட்டுக்கறேன்." மேசையில் எதுவோ நகர்ந்தது. "ஏழு... புள்ளி... எட்டு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. சரியா?"

ரீசோஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. கீழ இறங்கிக்கலாம்."

"இறங்கறேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு."

அசிமினா அன்று மாலைக்குள் அனுப்பினாள். எழுதியவர்: ஸ்டெர்ஜியோஸ் கராமிச்சோஸ். அதன் கீழே, மூன்று வரியைத் தான் சேர்த்ததாகவும், ஏன் என்றும் ஒரு குறிப்பு. கையொப்ப வரியில் அவள் பெயர் மட்டும்.

நாற்பதாம் நாளுக்கு முந்தைய நாள் ஏற்கப்பட்டது. கோயிலுக்குக் கொண்டுபோகும் கோதுமையை அவித்துத் துணியில் பரப்பிக்கொண்டிருந்த போலிக்சேனி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள்.

"எது அவர் பேரு?"

காட்டினாள்.

"தேதி பிப்ரவரின்னு இருக்கே."

"அவர் எழுதின தேதி அது. ஏத்துக்கிட்ட தேதி தனியா இருக்கு, பாருங்க."

"ரெண்டையும் வச்சுக்குவாங்களா?"

"வச்சுக்குவாங்க."

போலிக்சேனி தலையாட்டினாள். அவர் பெயருக்குப் பக்கத்திலிருந்த மின்னஞ்சல் முகவரியை ஈர விரலால் தொடாமல் சுட்டினாள். "இதுக்கு யாராவது எழுதினா யாருக்குப் போகும்?"

"வரும்போது பார்த்துக்கலாம்மா."

ஜூனில் வந்தது, உருகுவேயிலிருந்து. எழுதியவர் முன்பின் தெரியாத ஒருவர். "அன்புள்ள ஸ்டெர்ஜியோஸ்" என்று தொடங்கியிருந்தது. உங்கள் திருத்தம் என் வேலையைக் காப்பாற்றியது, ஆனால் அட்டை தூங்கி எழுந்ததும் வருகிற முதல் பாக்கெட்டின் முத்திரை மட்டும் பின்னால் குதிக்கிறது, நீங்கள் இதைப் பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. அவர் பார்த்திருந்தால் ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை சிபுரோக் கடையில் எல்லோரையும் உட்காரவைத்து, தூங்கி எழுந்த ஸ்டேஷன் மாஸ்டர் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பான் என்று கேட்டிருப்பார். அசிமினா கிராட்ஸில் தன் அறையில் அதை மூன்று முறை படித்தாள். சொல்ல ஆள் இல்லை.

இரண்டு வாரக் கடைசிகள் சோதித்தாள். காரணம் கிடைத்தது. பதிலை அவருடைய கணக்கிலிருந்தே எழுதினாள், கேள்வி அங்கேதான் வந்திருந்தது. முதலில் விடை, பிறகு சோதனை எண்கள், கடைசியில் ஒரு வரி: ஸ்டெர்ஜியோஸ் மார்ச்சில் இறந்துவிட்டார், நான் அவருடைய மகள்.

அனுப்புநர் என்ற இடத்தில் அவர் பெயர் தானாகவே வந்து நின்றது. அதை அழித்துத் தன் பெயரைப் போட வேண்டும். அதற்குத்தான் வெகு நேரம் பிடித்தது.